பூட்டு உடையாவிட்டாலும் கன்னக்களவுதான்

கதவு திறந்தே கிடக்கையில் உள்ளே போனது எப்படிக் கன்னக்களவு (கட்டடத்துக்குள் அத்துமீறிப் புகுந்து திருடுவது போன்ற குற்றம், burglary) ஆகும் என்று, இங்கிலாந்தில் காவல் நிலைய விசாரணைக்கு வரும் கட்சிக்காரர்கள் வழக்கறிஞர்களிடம் அடிக்கடி கேட்பார்கள். 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கன்னக்களவுக்கு இரவு நேரமும் உடைத்துப் புகுதலும் தேவைப்பட்டன. அவ்விரண்டையும் கைவிட்ட 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருவர் கட்டடத்துக்குள்ளோ அதன் ஒரு பகுதிக்குள்ளோ அத்துமீறி நுழைந்தாரா என்பதையே முதலில் பார்க்கிறது.

அத்துமீறல் என்பது உரிமையோ அனுமதியோ இன்றி நுழைவது. ஆனால் அனுமதி இல்லாதிருந்தால் மட்டும் போதாது. அது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது இல்லாமல் இருக்கலாம் என்று உணர்ந்தும் பொருட்படுத்தாமல் நுழைந்திருக்க வேண்டும் என்று காலின்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. உடல் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. தலையும் வலக்கையும் மட்டும் உள்ளே இருக்க, சன்னலில் சிக்கிக்கொண்டவரும் நுழைந்தவரே என்று 1996ஆம் ஆண்டில் ரயான் வழக்கில் தீர்ப்பாயிற்று.

பலரும் தடுமாறுவது அனுமதியின் எல்லையில்தான். ஜோன்ஸ், ஸ்மித் வழக்கில், தந்தையின் வீட்டுக்கு வந்துபோக அனுமதி இருந்த மகன், நண்பருடன் இரவில் நுழைந்து இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளை எடுத்துச் சென்றார். தன் மகன் எந்த நேரத்திலும் அத்துமீறியவன் ஆகமாட்டான் என்று தந்தையே சாட்சியம் அளித்தும் தண்டனை நிலைத்தது. கொடுத்த அனுமதியைத் தாண்டிய நோக்கத்தோடு, அதை அறிந்தே நுழைந்தவர் அத்துமீறியவரே என்றது நீதிமன்றம். இந்தத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால், திருடும் எண்ணத்தோடு கடைக்குள் கால்வைப்பவர் ஒவ்வொருவரும் கன்னக்களவு செய்தவராகிவிடுவார். நடைமுறையில் அத்தகையோர்மீது பெரும்பாலும் சாதாரணத் திருட்டுக் குற்றமே சாட்டப்படுகிறது என்றாலும், தீர்ப்பு இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கடைக்குள் முறையாக வந்தவர், வாடிக்கையாளருக்கு இடமில்லாத கல்லாப் பகுதிக்குள் புகுந்தால் நிலை வேறு. வால்கிங்டன் வழக்கில் அது கட்டடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது.

விருந்தினராக வந்து, உள்ளே இருக்கும்போது மட்டுமே ஆசைப்பட்டு அங்கிருந்த கைப்பேசியை எடுத்தவர் திருடியவர்தான். கன்னக்களவு செய்தவர் அல்லர். திருட்டுக்கு உச்ச தண்டனை 7 ஆண்டுகள், குடியிருப்பில் கன்னக்களவுக்கு 14 ஆண்டுகள் என்பதால், எடுக்கும் எண்ணம் எப்போது வந்தது என்ற விசாரணை அதிகாரியின் கேள்விக்கு, காவல் நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே பதில் அளிப்பது நல்லது.