ரேம் பழுதா, ஸ்லாட் பழுதா?

“கம்ப்யூட்டர் அடிக்கடி ப்ளூ ஸ்கிரீன் காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் ரேம் போய்விட்டது என்றார்கள். புதிது வாங்கிப் போட்டும் அதே தொல்லை. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் சோதித்துப் பார்த்துச் சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமில் ஒவ்வொரு பிட்டும் (ஒரு 0 அல்லது 1) ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு மின்தேக்கியும்தான். இந்த ஜோடிக்கு ‘செல்’ என்று பெயர். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. மின்தேக்கி கசியும் என்பதால் பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் எல்லா செல்களையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். காலையில் ஒழுங்காக ஓடிவிட்டு மத்தியானம் மட்டும் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லேசாகப் பழுதான செல், எழுதிய உடனே படித்தால் சரியாகத்தான் பதில் சொல்லும். பக்கத்து செல்லில் எழுதும்போதுதான் தடுமாறும். அதைப் பிடிக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போன்ற புரோகிராம்கள் வைத்திருக்கும் ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் நினைவகம் முழுக்க 0 எழுதுகிறது. அப்புறம் அடியிலிருந்து ஒவ்வொரு இடமாக ஏறி, 0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கே 1 எழுதுகிறது. ஓர் இடத்தைச் சோதிக்கும் நேரத்தில் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் 1 ஆகியிருக்கும், மேலே உள்ளவை 0 ஆகவே இருக்கும். கீழே எழுதியது இந்த செல்லைக் கலைத்திருந்தால் இங்கேயே அகப்படும். உச்சிக்குப் போனதும் அதே வேலை தலைகீழாக: 1 இருக்கிறதா என்று பார்த்து 0 எழுதியபடி இறங்குகிறது. மேலே உள்ளவற்றின் தொந்தரவு இப்போது தெரியும். இத்தனை எளிய யோசனை, இரண்டு பக்கத்தையும் சல்லடை போட்டுவிடுகிறது!

சரி, வேலைக்கு வருவோம். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, இருந்தால் அணைத்துவிடுங்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் (ரேமைச் செருகும் இடம்) போட்டு, இரவு முழுக்கச் சோதனையை ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். அடுத்து அதே ரேமை வேறு ஸ்லாட்டில். பிழை ரேமோடு கூடவே போனால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் கோளாறு வேறிடத்தில்.

இந்த இடத்தில் பலர் அழிரப்பரை எடுத்து ரேமின் தொடர்பு முனைகளைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அது பாதி சடங்கு என்பேன். கழற்றித் திரும்ப மாட்டுவதிலேயே பெரும்பாலும் தொடர்பு சரியாகிவிடும். தேய்ப்பதில் மெல்லிய தங்கப் பூச்சுதான் போகும்.

ஸ்லாட்டில் தூசி இல்லையென்றால் பிராசஸரைச் சந்தேகிக்கலாம். ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டு சிப்பில் இருந்த காலம் போய்விட்டது. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இலும் அதை பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட ஒரு ஸ்லாட் செத்ததுபோல் காட்டும். கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் அப்படித்தான்.

தனித்தனியாகத் தேறிய ரேம்கள் சேர்த்துப் போட்டால் மட்டும் தகராறு செய்கின்றனவா? புதிது வாங்க ஓடாதீர்கள். ரேமின் வேகத்தை ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.