பாரிஸ்டர்: ‘மோசடி வழக்கறிஞர்’ ஆன கதை

லண்டனில் ஒரு பாரிஸ்டருக்கு விருது கிடைத்தாலும் நீதிபதிப் பதவி வந்தாலும் நம் செய்திகளில் அவருக்கு ஓர் அடைமொழி தயாராக இருக்கிறது: ‘பிரபல மோசடி வழக்கறிஞர்’. கூடவே ‘கலை வழக்கறிஞர்’ என்றும் ஒட்டிவிடுகிறார்கள். வணிக வழக்குகளில், குறிப்பாக மோசடி வழக்குகளிலும் கலைப்பொருள் வழக்குகளிலும் வாதாடுபவர் என்று சொல்ல வந்தவர்கள், அந்த மனிதரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். மோசடி சாமியார், மோசடி மருத்துவர், மோசடி நிதி நிறுவனம் என்றெல்லாம் நாம் எழுதும்போது மோசடி செய்தவர் யார்? அந்தச் சாமியார்தானே? ‘கண் மருத்துவர்’ என்று அமைகிறதே என்று வாதிடுபவர்கள், ‘கொலை வழக்கறிஞர்’ என்று எழுத ஏன் தங்களுக்குக் கை வரவில்லை என்று யோசித்துப் பார்க்கட்டும். ‘வழக்கு’ என்ற ஒரு சொல்லை நடுவில் வைத்தால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. அதற்குக்கூடச் சோம்பல்.

தொடரின் முதற்பாதியைத் திருத்துவது எளிது. இரண்டாம் பாதியான ‘வழக்கறிஞர்’தான் உண்மையான தொல்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘பார்’ என்றால் தடுப்புக் கட்டை. லண்டனின் நான்கு சட்டக் கழகங்களான லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகியவற்றின் கூடங்களிலும், பின்னர் நீதிமன்றங்களிலும், பேச உரிமை பெற்றவர் நிற்கும் இடத்தைக் குறித்தது அந்தக் கட்டை. அங்கே வந்து பேசுமாறு அழைக்கப்பட்டவர் பாரிஸ்டர். காந்தியடிகள் 1891இல் இன்னர் டெம்பிளில் அப்படி அழைக்கப்பட்டவர். 1922இல் சிறைத் தண்டனை பெற்றதும் பெயர் நீக்கப்பட்டவர். 1988இல் மீண்டும் சேர்க்கப்பட்டவர். பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

இங்கிலாந்தில் சட்டத் தொழில் இரண்டு கிளைகளாக இருக்கிறது. கட்சிக்காரர் முதலில் போவது சொலிசிட்டரிடம். ஆவணம் திரட்டுவது, கடிதம் எழுதுவது, வழக்கை நாள்தோறும் நடத்துவது எல்லாம் அவர் வேலை. பாரிஸ்டரை அமர்த்துபவரும் பெரும்பாலும் அவரே. பாரிஸ்டர் வாதுரையை வரைகிறார், சட்டக் கருத்துரை தருகிறார், நீதிபதிமுன் எழுந்து நின்று பேசுகிறார். பெரும்பாலான பாரிஸ்டர்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி கிடையாது. சேம்பர் என்ற பொது அலுவலகத்தில் பலர் சேர்ந்திருந்தாலும் வருமானம் அவரவருடையது. ஒரே சேம்பரின் இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்பதும் உண்டு. எந்த வழக்கு யாருக்கு, கட்டணம் எவ்வளவு என்று பேசி முடிப்பவர் குமாஸ்தா. நம் வக்கீல் குமாஸ்தாவை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. லண்டன் குமாஸ்தாவின் அதிகாரம் மட்டும் சற்றுப் பெரிது. ஆங்கிலத்தின் ‘கிளார்க்’ என்ற இந்தச் சொல்லை ‘எழுத்தர்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்க்கும்போது, பெயர்த்தவர் ஒரு நாளும் நீதிமன்ற வளாகத்துக்குள் போனதில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் இந்த இரு கிளைப் பிரிவு இன்று இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாரையும் ஒரே வகுப்பாக்கிவிட்டது. அதற்கு முன் சென்னை உயர்நீதிமன்றத்தில் பாரிஸ்டர் வேறு, வக்கீல் வேறு, அட்டர்னி வேறு. ஆகவே நம் ஊர்க்காரர் எவரையும் வழக்கறிஞர் என்று அழைப்பதில் பிழையே இல்லை. அதே சொல்லை லண்டனுக்கு ஏற்றுமதி செய்யும்போதுதான் கெடுகிறது. ‘அவருடைய வழக்கறிஞர் தம் வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தார்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். மூலத்தில் சொலிசிட்டர் பாரிஸ்டரிடம் ஒப்படைத்திருக்கிறார். தமிழில் யார் யாரிடம் எதை ஒப்படைத்தார்கள்?

தனித்தமிழ் அன்பர்கள் உடனே வேறு சொற்களோடு வருவார்கள். அவற்றுள் செல்வாக்குடையது ‘மன்றாடியார்’. இலங்கையில் சொலிசிட்டர் ஜெனரலை ‘மன்றாடியார் நாயகம்’ என்கிறார்கள். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதை அங்கிருந்து கழற்றிவந்து இங்கிலாந்தின் சாதாரண சொலிசிட்டருக்குச் சூட்டலாம் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மன்றில் நின்று பேசுவதும் இறைஞ்சுவதும் மன்றாடல். சொலிசிட்டரோ மரபுப்படி உயர் நீதிமன்றங்களில் பேசாதவர். 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான், தனித் தகுதி பெற்ற சிலர் அங்கே பேசுகிறார்கள். பேசாதவருக்கு மன்றாடியார், பேசுபவருக்கு வெறும் வழக்கறிஞர் என்றால், இரு கிளைகளையும் தலைகீழாக அல்லவா மாட்டியிருக்கிறோம்? பதவிப் பெயராக நிலைத்துவிட்ட ஒரு சொல்லைத் தொழிற்பெயராக்கும்போது அதன் உள்பொருள் விழித்துக்கொள்ளும் என்பதை இந்த அன்பர்கள் கவனிப்பதில்லை. போதாததற்குக் கொங்கு நாட்டில் மன்றாடியார் என்பது குடிப்பட்டம். லண்டன் மன்றாடியார் என்று எழுதினால் காங்கேயத்தில் உறவு தேடுவார்கள்.

இலங்கைத் தமிழில் உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பாடம் இருக்கிறது. அங்கே முன்பு பாரிஸ்டர் போன்ற அட்வகேட், சொலிசிட்டர் போன்ற புரொக்டர் என்று இரு கிளைகள் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பேச்சில் முன்னவர் அப்புக்காத்து, பின்னவர் பிரக்கிராசி. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் விட்டுச் சென்ற சொற்கள் இவை. ஆனாலும் யாருக்கும் குழப்பமில்லை. மகன் அப்புக்காத்தா, பிரக்கிராசியா என்று கேட்டால் விடை ஒன்றுதான் இருக்க முடியும். 1973ஆம் ஆண்டின் சட்டம் கிளைகளை இணைத்த பிறகு எல்லாரும் ‘சட்டத்தரணி’. பிரிவு இருந்தபோது இரண்டு சொற்கள், பிரிவு போனதும் ஒரு சொல். தூய்மை பேசுகிறவர்கள் அப்புக்காத்தைப் பார்த்து முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தத் தெளிவு போதும்.

சரி, பாரிஸ்டருக்குத் தமிழ்ச்சொல்லே இல்லையா? இருக்கிறது: வழக்குரைஞர். அறிந்தவர் வழக்கறிஞர், உரைப்பவர் வழக்குரைஞர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று காட்டும் பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்று பெயர். பொருள் யாருடையது என்று அதன் உள்ளீட்டைக் கொண்டே நிறுவிய வழக்கு அது. லண்டனின் கலைப்பொருள் வழக்குகளும் இன்று இதைத்தான் செய்கின்றன. ஆனால் பல இதழ்கள் வழக்குரைஞரை எல்லாருக்கும் பொதுச்சொல்லாக்கிவிட்டன. எனவே என் முதல் தேர்வு ‘பாரிஸ்டர்’ என்ற பழகிய சொல்லே. தூய தமிழில்தான் எழுதுவேன் என்பவர் வழக்குரைஞர் என்று எழுதட்டும்; பக்கத்தில் சொலிசிட்டர் வந்தால் அவரைச் சட்ட முகவர் என்று பிரித்துக் காட்டட்டும்.

இப்போது அந்த ‘மோசடி’. ஆங்கிலச் சட்டத்தில் இது வாய்க்கு வந்தபடி வீசும் சொல் அன்று. 1889இல் டெர்ரி–பீக் வழக்கில் ஒரு பிளிமத் டிராம் கம்பெனியின் இயக்குநர்கள், குதிரைக்குப் பதிலாக நீராவியால் வண்டி ஓட்டும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பங்கு விற்பனை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அரசு வாரியத்தின் இசைவு வேண்டும், அது பெருமளவு மறுக்கப்பட்டது, கம்பெனி மூழ்கியது. ஆனாலும் இயக்குநர்கள் தாங்கள் சொன்னதை நேர்மையாக நம்பினார்கள், ஆகவே இது மோசடியாகாது என்றது அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை. பொய் என்று தெரிந்தோ, மெய் என்று நம்பாமலோ, மெய்யா பொய்யா என்று கவலையே இல்லாமலோ சொன்னால்தான் மோசடி. பாரிஸ்டர் தம் வாதுரையில் இந்தச் சொல்லை எழுத, கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தலும் நம்பத்தக்க ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் எழுதினால் அவர்மீதே நடவடிக்கை வரும். அவ்வளவு தயங்கி எழுதும் சொல்லை நாம் அவர் பெயருக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறோம்.

‘கலைச் சட்டம்’ என்ற தொடரும் அரைகுறைதான். கேட்டால், நாடகத் தணிக்கைச் சட்டமோ என்று தோன்றும். இந்தத் துறையில் தனிச்சட்டம் கொஞ்சம். ஒப்பந்தம், உரிமை, கவனக்குறைவு என்ற பழைய சட்டங்கள்தான் ஓவியங்கள்மேலும் சிலைகள்மேலும் வேலை செய்கின்றன. டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஓவியம் 2011இல் ஒரு கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. பின்னர் அதில் 20ஆம் நூற்றாண்டில்தான் உருவான நீல நிறமி கண்டுபிடிக்கப்பட்டது. ஹால்ஸ் இறந்தது 1666இல். விற்றுக்கொடுத்த ஏல நிறுவனமான சோத்பிஸ், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விற்றவர்கள்மீது லண்டன் வணிக நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நடந்த வாதமோ பெரும்பாலும் ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பற்றியது.

நமக்கு நெருக்கமான வழக்கு பத்தூர் நடராஜர். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட சிலை, கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நிறுவனத்துக்குப் பொய்யான பூர்வீக வரலாற்றோடு விற்கப்பட்டது. பழுதுநீக்கப் பணிக்காகக் கொடுத்திருந்தபோது காவல்துறை கைப்பற்றியது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்து சட்டப்படி சட்ட ஆளாகக் கருதப்படும் கோயில் ஆங்கில நீதிமன்றத்திலும் வழக்காடலாம் என்று ஏற்றது. கோயிலுக்கே சிலை என்றானது. அங்கே கோயிலின் சார்பில் எழுந்து நின்று பேசியவரை ‘கலை வழக்கறிஞர்’ என்றால் என்ன விளங்கும்? கலைப்பொருள் வழக்குகளில் வாதாடும் பாரிஸ்டர் என்றால் விளங்கும். ‘கலைப்பொருள் சட்டம்’ என்றாலும் குற்றமில்லை.

கடைசியாக இரண்டு கொடுமைகள். ‘பட்டு எடுத்தார்’ என்று படித்தால், அது தீபாவளிக்கு எடுத்த பட்டு அல்ல. அவருக்கு அரசரின் ஆலோசகர் என்ற உயர்நிலை கிடைத்து, பட்டு அங்கி அணியும் உரிமை வந்திருக்கிறது. ‘உயர்நிலைப் பாரிஸ்டர் ஆனார்’ என்று எழுதலாம். ‘1998இல் மதுக்கூடத்துக்கு அழைக்கப்பட்டார்’ என்று படித்தால் அவர் குடிக்கப் போகவில்லை. அன்று அவர் பாரிஸ்டர் ஆகியிருக்கிறார்.