தேசி இலையில் இருப்பது எச்சமல்ல

மாரி மழைக்குப் பின் திருகோணமலை வளவுகளில் தேசி மரம் தளிர்க்கும்போது, ஒரு வண்ணத்துப்பூச்சி படபடத்தபடியே இலைக்கு இலை தொட்டுப் போவதைப் பார்க்கலாம். முன்கால்களால் இலையைச் சுவைத்து, இது தன் குஞ்சு தின்னும் இலைதானா என்று சோதிக்கும் பெண் பூச்சி அது. பெயர் எலுமிச்சை அழகி. அறிவியலில் பப்பிலியோ டெமோலியஸ். விரித்த சிறகு 8 முதல் 10 சென்ரிமீற்றர். கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகள், பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. வால் நீண்ட பூச்சிகளின் குடும்பம்தான், ஆனால் இதற்கு வால் இல்லை. வாலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

ஒரு மில்லிமீற்றர் அளவு மஞ்சள் முட்டைகளைத் தளிரில் தனித்தனியாக இடும். மூன்று நான்கு நாளில் பொரிக்கும். புழுவின் முதல் சாப்பாடு முட்டை ஓடு.

புழுப் பருவம் ஐந்து கட்டம். முதல் நான்கிலும் கறுப்புக் கபிலத்தில் வெள்ளைத் திட்டோடு, ஈரம் காயாத குருவி எச்சம் போலவே இருக்கும். அதனால்தான் ஒளியாமல் இலையின் மேற்பக்கத்திலேயே கிடக்கிறது. எச்சம் விழுவது அங்கேதானே! நான்கு சென்ரிமீற்றர் வரை வளரும்போது அந்த வேடம் எடுபடாது. கடைசித் தோலுரிப்பில் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கவைக்கொம்பு ஒன்று நீளும். புளித்த நெடி வீசும். எறும்பு விலகும்.

வளர்த்துப் பார்ப்பவர்கள் தேசிக் கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்து, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். மருந்தடித்த இலை ஆகாது. முழங்கால் உயரக் கன்றை இரண்டு மூன்று புழுக்களே மொட்டையாக்கும். அவற்றைப் பெரிய மரத்துக்கு மாற்றினால் போதும், நசுக்கத் தேவையில்லை.

ஒருநாள் புழு தின்பதை விட்டு, தண்ணீராகக் கழிந்து, அங்குமிங்கும் அலையும். நோயில்லை, கூட்டுப்புழுவாகும் ஆயத்தம். வால் நுனியைப் பட்டுத்திட்டில் கொளுவி, இடுப்பில் பட்டுநூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். சுற்றுப்புறத்துக்கேற்பக் கூடு பச்சையாகவோ கபிலமாகவோ அமையும். பத்து நாளளவில், பெரும்பாலும் காலையில், பூச்சி வெளிவரும். அப்போது சிறகு கசங்கிய துணிதான். உடற்திரவத்தை நரம்புகளுக்குள் தள்ளித்தான் அதை விரிக்கிறது. பிடித்துத் தொங்கச் சொரசொரப்பான குச்சியும் கீழே இடமும் வேண்டும். வழுவழுப்பான போத்தலுக்குள் வழுக்கி விழுந்தால் சிறகு மடங்கியபடியே காய்ந்து, பூச்சி பறக்காது.

கூடு கறுப்பதும் இருவகை. உள்ளே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அடுத்த நாள் பூச்சி வரும். புள்ளி தெரியாமல், பக்கத்தில் ஊசித்துளை இருந்தால் உள்ளிருந்ததைத் தின்று வளர்ந்த குட்டிக் குளவிகள் போய்விட்டன.