கழுதைக்கு அமைத்த வழியில் மனிதர் ஓடும்போது

பாரிஸ் புறநகர் ஒன்றில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் கொண்டுவருகின்றன. ஆண்டு முழுவதும் பூங்காவிலும் ஆற்றங்கரை நடைபாதையிலும் வாரத்துக்கு மூன்று நாள் சீராக ஓடிவந்த ஒருவர், கோடை விடுமுறைக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குப் போயிருப்பார். கல் வீடுகளையும் பழைய தேவாலயத்தையும் கண்ட உற்சாகத்தில், விடியற்காலையில் எழுந்து அந்த ஊரின் பழைய பாதையில் ஓடியிருப்பார். இப்போது படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு என் அறைக்கு வந்து சேர்வார். "நான் ஓடியது வழக்கமான பத்துக் கிலோமீட்டர்தானே?" என்று கேட்பார். தூரம் வழக்கமானதுதான், வழி அப்படியல்ல.

பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஓடுபவர்களைக் கவரும் பாதைகளில் மிகப் பல, ஓடுவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஒன்று படகிழுத்த குதிரைக்காக, இன்னொன்று சுமை வண்டிக்காக, வேறொன்று ஊன்றுகோலுடன் நடந்த யாத்திரிகருக்காக, மற்றொன்று கோடைக்கு மலையேறிய ஆட்டுமந்தைக்காக. வழி யாருக்காக ஏற்பட்டதோ அவர்களுடைய காலுக்கு ஏற்ற சரிவும் தரையும் இன்றும் அங்கே மாறாமல் கிடக்கின்றன. ஆகவே, ஓடப் போகும் பாதையின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றுலாச் சுவைக்காக மட்டும் நான் அதைச் சொல்வதில்லை. எந்தத் தசைக்கு வேலை அதிகம் என்பதை அந்த வரலாறே பெரும்பாலும் சொல்லிவிடும்.

கனால் து மிதி கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். பியேர்-போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666-இல் தொடங்கி 1681-இல் முடிந்த இக்கால்வாய், துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து தோ காயல் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீள்கிறது; 1996 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அதன் கரையில் இருப்பது குதிரைகள் படகை இழுத்துச் சென்ற வழி என்பதால் ஏற்றமே இல்லை என்று சொல்லலாம். முட்டிவலிக்காரர்களுக்கு இது நல்ல தேர்வுதான். ஆனால் ஏற்ற இறக்கமே இல்லாத வழியில் கால் ஒரே அளவு அடியை ஆயிரக்கணக்கான முறை வைக்கிறது. ஒரே தசைநாண் ஒரே கோணத்தில் இழுபடுகிறது. கெண்டைச்சதையிலும் குதிகால் தசைநாணிலும் வலியோடு வருபவர்களில் பலர் "அழகான சமதளம், அதனால் கூடுதல் தூரம் போய்விட்டேன்" என்கிறார்கள். துலூஸிலிருந்து நொரூஸ் மேட்டை நெருங்கும் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குக் கரைவழி தார் பூசப்பட்டது. அதற்கு அப்பால் மண்ணும் மர வேர்களுமாகப் பல இடங்களில் மாறுகிறது. பிளாத்தான் மரங்களின் நிழல் நகரும் தரையில் வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்மரங்களையும் 2006-இல் அங்கே கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் தாக்கியதால் பெருந்தொகையாக வெட்டிவிட்டார்கள். ஆகவே பழைய படங்களைப் பார்த்துவிட்டு, வழியெங்கும் நிழல் இருக்கும் என்று நம்பி ஜூலை நண்பகலில் கிளம்ப வேண்டாம்.

ரோமானியச் சாலையைப் பற்றி ஒரு சொல். கி.மு. 118 அளவில் இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைக்கத் தொடங்கப்பட்ட தோமிசியா பெருவழியின் ஒரு துண்டு, லுனெல் ஊருக்கு அருகே அம்ப்ரூசும் குன்றில் இன்றும் இருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் கல்லில் ஆழமாகப் பதிந்திருக்கும். அங்கே ஓடாதீர்கள். காலணியின் பாதி பள்ளத்திலும் பாதி மேட்டிலும் விழுந்தால் கணுக்கால் உட்புறமாக மடிவது நிச்சயம். நடந்து பாருங்கள், கீழே விதூர்ல் ஆற்றில் தனித்து நிற்கும் பாலத்தின் ஒற்றை வளைவையும் பாருங்கள், பிறகு சுற்றியுள்ள மண்பாதைகளில் ஓடிக்கொள்ளலாம்.

என்னிடம் மிகுதியாக ஆள் அனுப்புவது யாத்திரிகர் வழிதான். லெ புய்-ஆன்-வெலே நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்தை நோக்கிச் செல்லும் பழைய வழியை இன்று ஜிஆர் 65 என்ற நெடும்பாதையாகக் குறியிட்டிருக்கிறார்கள். அது ஓப்ராக் மேட்டுநிலத்தைக் கடக்கிறது: மரமற்ற புல்வெளி, கருங்கல் சுவர்கள், மான் நிற மாடுகள். மேட்டின் மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓப்ராக் சிற்றூரில், மூடுபனியில் வழி தவறியவர்களுக்குத் திசை காட்டுவதற்காகத் துறவியர் அடித்த மணி ஒன்று இருந்தது. 'வழி தவறியோர் மணி' என்றே அதற்குப் பெயர். அங்கிருந்து சேன்-ஷெலி சிற்றூருக்கு இறங்கும் எட்டு ஒன்பது கிலோமீட்டரில் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். இன்னும் சில நாள் நடைத்தொலைவில், காட்டுச்சரிவின் மடியில் கோங்க் என்ற ஊர் இருக்கிறது. அதன் மடாலயக் கோயிலை நோக்கிப் பாதை செங்குத்தாக, உதிர்கற்களின் மேல் விழுகிறது. மூச்சு வாங்காத காரணத்தால் இந்த இறக்கங்களை எளிது என்று நினைத்துவிடுகிறோம்; ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏறும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போதோ, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடைக்குத் தடை போட வேண்டும். நீளும் நிலையில் பளு தாங்கும் தசையில் நுண்ணிய சேதம் கூடுதலாக உண்டாகும். நெஞ்சு களைப்பதில்லை, அதனால் எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை; வலி அன்று வராமல் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. மூன்றாம் நாள் படி இறங்க முடியாததற்கு இதுவே காரணம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே சரியாகும். ஆனால் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், என்னிடம் வரக் கூடாது.

இதற்கு முன்தயாரிப்பு எளிது. மிதமான ஓர் இறக்கத்தைத் தசை ஒருமுறை அனுபவித்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு வேலை அதை அவ்வளவு காயப்படுத்துவதில்லை. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே வாரத்துக்கு ஒருமுறை உங்கள் ஊரிலேயே சரிவில் இறங்கி ஓடுங்கள். பாரிஸ்வாசிகளுக்கு பியுத்-ஷோமோன் பூங்கா போதும். பழைய கல்குவாரியின் மேல் அமைந்து 1867-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் சரிவுக்குக் குறைவில்லை. மலைப்பாதையில் அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உதிர்கல் தொடங்கும் இடத்தில் நடந்துவிடுங்கள். கோலூன்றி இறங்கிய யாத்திரிகர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை.

செவென் மலைப்பகுதியில் ஜிஆர் 70 பாதையும் இதே பாடத்தைத்தான் வேறு உருவில் நடத்துகிறது. 1878-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மொதெஸ்தின் என்ற கழுதையோடு பன்னிரண்டு நாள் நடந்த தடம் அது. லோசேர் மலையில், பனியிலும் மூடுபனியிலும் வழி தெரிவதற்காக நட்டுவைத்த நெடுங்கற்களைப் பின்பற்றி 1,699 மீட்டர் உயரமுள்ள ஃபினியேல் உச்சியை அடைந்து, 1702-இல் புரோட்டஸ்டன்ட் மக்களின் கிளர்ச்சி வெடித்த போன்-து-மோன்வேர் ஊருக்கு 800 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். அந்தக் கழுதை மிக மெதுவாக நடந்ததாக அவர் குறைபட்டுக்கொண்டார். கழுதையின் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும் என்று இம்மலையின் இறக்கத்தில் எனக்குத் தோன்றியதுண்டு.

இந்த மேய்ச்சல் நிலங்களில் மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களைச் சந்திக்க நேரலாம். அவற்றை 'பத்தூ' (patou) என்று அழைப்பார்கள். 1992-இல் பிரான்சுக்கு ஓநாய் திரும்பியதற்குப் பின் அவற்றின் தேவை பல மலைகளில் கூடியிருக்கிறது. ஓடிவரும் மனிதர் அதன் கண்ணுக்கு மந்தையைத் தாக்க வருபவரே. நில்லுங்கள், கையை வீசாதீர்கள், கண்ணை நேராகப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் பேசி, மந்தையைச் சுற்றி நடந்து விலகுங்கள். எந்நிலையிலும் திரும்பி ஓடக் கூடாது.

பாதைக் குறிகள் நடப்பவரின் வேகத்துக்கு ஏற்ப இடப்பட்டவை. நெடும்பாதைக்கு வெள்ளையும் சிவப்பும், உள்ளூர்ச் சிறு பாதைக்கு மஞ்சள். பெருக்கல் குறிபோல் இரு கோடுகள் வெட்டிக்கொண்டால் அது தவறான திசை. ஓடுபவர் தரையையே பார்த்துக்கொண்டு போவதால் மரத்தில் உள்ள குறி தப்பிவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

வேட்டைக்காலத்தை நம்மவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் தேதி வேறுபட்டாலும், பொதுவாகச் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய, காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் துப்பாக்கியோடு ஆட்கள் காட்டைச் சூழ்ந்து நிற்பார்கள். இலையுதிர்காலத்து ஞாயிறு காலை அழகானதுதான்; ஆனால் 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். அம்மாதங்களில் கறுப்பு உடையும் காதில் இசையும் வேண்டாம். பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடை அணியுங்கள்.

உண்ணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயரமான புல்லும் பன்னமும் உரசும் ஒற்றையடிப் பாதையில் ஓடி வந்ததும், முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், தலைமயிரின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். எண்ணெய், சாராயம், நெருப்பு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு கொக்கியால் சுழற்றி எடுத்துவிட்டு, கடித்த இடத்தை ஒரு மாதம் கவனியுங்கள். விரிந்துகொண்டே போகும் சிவப்பு வளையம், உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் அடையாளம் என்று எல்லாச் சுவரொட்டிகளும் சொல்கின்றன. அந்தப் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம்முடைய மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அது சிவப்பாகத் தெரியாமல், பழுப்பாகவோ ஊதாவாகவோ, பழைய அடிபட்ட தழும்புபோலவோ தோன்றலாம், எளிதில் தவறிவிடும். நிறத்தைப் பார்க்காமல், அது விரிகிறதா என்று பாருங்கள்; நாள்தோறும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் குடும்ப மருத்துவருக்கும் உதவும்.

தண்ணீருக்கு ஒரு நாட்டுப்புற உபாயம் உண்டு: கல்லறைத் தோட்டம். கடையும் காப்பிக்கடையும் மூடிப்போன சிற்றூர்களிலும், பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்ற பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரின் பழைய துணி துவைக்கும் தொட்டிகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்நீரைக் குடிக்க வேண்டாம்.

கணுக்கால் மடிந்துவிட்டால், உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு நான்கு அடி நடந்து பாருங்கள். நடக்கவே முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டெலும்பின் பின்விளிம்பையோ பாதத்தின் வெளிப்புற நடு எலும்பையோ அழுத்தினால் வலி துள்ளினாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. 15 அல்லது 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க நேர்ந்தால், ஊரின் பெயர் மட்டும் போதாது. கடைசியாகக் கடந்த பலகையில் இருந்த சிற்றிடத்தின் பெயரையும் கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவுகளையும் சொல்லுங்கள். பிரெஞ்சு சரளமாக வராதவர்கள் அவசரத்துக்குத் தேவையான நான்கைந்து வாக்கியங்களை முன்பே எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கிளம்பலாம்; பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் இணையம் கிடைக்காததால் மொழிபெயர்ப்புச் செயலி அங்கே உதவாமல் போகலாம்.