பருப்பும் பொத்தானும்

கையில் காசு குறையும்போது மளிகைப் பட்டியலில் முதலில் அடிபடுவது பருப்பு, முட்டை, காய்கறி. மிஞ்சுவது தானியமும் எண்ணெயும் சர்க்கரையும். கலோரியை மட்டும் பார்த்தால் இதில் தப்பில்லை. கொடுத்த காசுக்கு அதிகக் கலோரி தருபவை இவைதான். ஆனால் உடம்பு கலோரியை மட்டும் எண்ணுவதில்லை.

ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தேவையான புரதம் வந்து சேரும்வரை பசி நம்மைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். இதை வைத்துப் பார்த்தால், புரதம் குறைந்த மலிவான உணவு அவ்வளவு மலிவில்லை. வயிறு அடங்குவதற்குள் கூடுதலாக உள்ளே போய்விடுகிறது. எல்லாரும் இதை முழுதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பட்டியல் போடும்போது நினைவில் வைக்கத் தகுந்த விஷயம்.

சரி, எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பெரியவர்களுக்கான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம். சமைக்காத பருப்பு 100 கிராமில் 22 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு, அரிசியில் 7 கிராம்தான். ஆனால் அரிசியை நாம் அதிகம் சாப்பிடுகிறோம், 300 கிராமிலேயே 20 கிராம் புரதம் வந்துவிடுகிறது. அப்படியானால் அளவைக் கூட்டித் தானியத்தை மட்டுமே சாப்பிட்டால் போதாதா?

போதாது. காரணம் லைசின். புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அவற்றுள் ஒன்று இந்த லைசின். சாப்பிடும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் சுமார் 45 மில்லிகிராம் லைசின் இருந்தால் நல்லது. கோதுமைப் புரதத்தில் 30-கூட இருப்பதில்லை. பத்துச் சட்டைக்குத் துணி வாங்கிவிட்டு ஆறு சட்டைக்கு மட்டும் பொத்தான் வைத்திருக்கும் தையல்காரரின் நிலைமைதான் உடம்புக்கும். மீதித் துணியைத் தையல்காரராவது அலமாரியில் வைத்துக்கொள்வார். உடம்பில் மிஞ்சும் அமினோ அமிலங்களுக்கு அப்படி ஒரு அலமாரி கிடையாது. எரிபொருளாக எரிந்து, அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய புரதம்!

பருப்பு, பயறு வகைகளின் புரதத்தில் லைசின் கிராமுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல். அதாவது பொத்தான் தாராளம். அங்கே குறைவது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம், அது தானியத்தில் போதுமான அளவு கிடைக்கிறது. கோதுமைப் புரதம் பாதி, பருப்புப் புரதம் பாதி என்று சேர்த்தால் லைசின் கணக்கு ஏறக்குறைய 45-க்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அந்தக் கட்டாயம் இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

பருப்பால் தர முடியாத ஒன்றும் உண்டு, வைட்டமின் பி12. தாவர உணவில் அதை நம்ப முடியாது. முட்டையையும் பாலையும் பட்டியலிலிருந்து முழுதாக அடித்துவிடாதீர்கள் என்பது அதனால்தான்.

அப்புறம் இரும்புச்சத்து. பருப்பிலும் பயறிலும் அது இருக்கிறது, ஆனால் அவற்றிலேயே உள்ள ஃபைடிக் அமிலம் என்ற பொருள் அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது. பயறை ஊறவைத்து முளைகட்டினால் ஃபைடேஸ் என்ற நொதி வேலை செய்து அந்தப் பிடியைத் தளர்த்தும். சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றும். இவ்வளவும் செய்துவிட்டுச் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற ஆள் நான். டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பை மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், அதற்குக் காசும் ஆகாது.