மாறாத அட்டையும் வற்றும் சாம்பல் சத்தும்

மண் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றும் எனக்கு டெல்டா விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, "மண் அட்டையில் சாம்பல் சத்து மத்திமம் என்றுதானே இருக்கிறது, பொட்டாஷ் எதற்கு?" என்பதாகும். சாம்பல் சத்து என்பது பொட்டாசியம்; அதைத் தரும் உரமே பொட்டாஷ். சென்ற பருவத்தில் ஒருவர், 8 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அட்டைகளை மேசைமேல் விரித்தார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அவர் பிடுங்கி வந்திருந்த நெற்பயிரிலோ, சாம்பல் சத்துப் பற்றாக்குறையின் அடையாளமாக, அடி இலைகள் நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகியிருந்தன.

அட்டையில் பிழையில்லை. அமோனியம் அசிடேட் கரைசலில் பிரிந்து வரும் சாம்பல் சத்தைத்தான் நாங்கள் அளக்கிறோம். ஹெக்டேருக்கு 118 முதல் 280 கிலோ வரை இருந்தால் மத்திமம் என்று எழுதுகிறோம். காலையில் கிணற்றில் தெரியும் நீர்மட்டம் போன்றது இந்த அளவு. பகலில் இறைத்ததை இரவில் ஊற்று நிரப்புவதுபோல, பயிர் உறிஞ்சியதை, களித்துகள்களின் ஏடுகளுக்கிடையே அடைபட்டிருக்கும் சாம்பல் சத்து மெல்லக் கசிந்து ஈடுகட்டுகிறது. ஊற்று வற்றி வருவது மட்டத்தில் நெடுநாள் தெரிவதில்லை. 1970-களின் தொடக்கத்திலிருந்து நாட்டின் பல இடங்களில் நடந்துவரும் நீண்டகால உரப் பரிசோதனைகளில், தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மட்டுமே பெற்ற பாத்திகளில் இந்த அடியிருப்பு கரைந்துவருவது பதிவாகியிருக்கிறது.

நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரமும் வந்து, ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோலை லாரியில் ஏற்றிவிட்டால், உரக் கணக்கில் சுமார் 80 கிலோ சாம்பல் சத்து வெளியேறிவிடும். பரிந்துரைப்படி 50 கிலோ இட்டவருக்கே கணக்கு உதைக்கிறது என்றால், ஒன்றுமே இடாதவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு மூட்டை போட்டும் பயிரில் ஒன்றும் தெரியவில்லையே" என்பதும் நியாயமான குறைதான். வெறுமையான ஏடுகள் புதிதாக வரும் பொட்டாஷில் ஒரு பகுதியை முதலில் தமக்கென்று பிடித்துக்கொள்கின்றன. தழைச்சத்தைப்போல அது ஆவியாகிப் போவதில்லை. பின்வரும் பருவங்களில் சிறுகச் சிறுகத் திரும்புகிறது. மணற்பாங்கான நிலத்தில் இந்தப் பிடிமானம் இல்லாததால், அடியுரமாகப் பாதியும் கதிர் உருவாகும் தருணத்தில் பாதியுமாக இடுவதே நல்லது.

அந்த விவசாயியிடம், பாதி வயலின் வைக்கோலையாவது மடக்கி உழுமாறு சொன்னேன். மாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். மாடு தின்னும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி கோமியத்தில்தான் போகிறது. ஆகவே தொழுவத்தில் சருகைப் பரப்பிக் கோமியத்தை ஊறவிட்டு, அந்தச் சருகை எருக்குழி வழியாக அதே வயலுக்குக் கொண்டுசேர்க்கச் சொன்னேன்.