கேப்பிட்டல்: மூலதனமா, முதலா?

விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் காய் எடுக்க வரும் கூடைக்கார அம்மாக்கள் பலருடைய கையில் இருப்பது சொந்தப் பணம் இல்லை. காலையில் 900 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 1000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் ஆயிரம் என்று பேசி, நூறை முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் நீட்டுவார். மறுநாள் விடிந்தால் மறுபடி அதே 900. நம்மூர்ச் சந்தைகள் பலவற்றில் பழகிப்போன கணக்கு இது. ஒரு அம்மாவிடம் ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். தராசுத் தட்டிலிருந்த கத்திரிக்காயைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டே, "கையில முதல் இருந்தா நான் ஏம்பா அவன்கிட்டப் போறேன்?" என்றார்.

ஒன்பது நாள் வட்டியைச் சேர்த்தாலே 900 ரூபாய் ஆகிவிடும். அந்த ஒன்பது நாளைத் தாண்ட முடியாமல் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை. இங்கே என் கவனம் அவர் சொன்ன சொல்லில். அவர் மூலதனம் என்று சொல்லவில்லை, முதல் என்றார்.

ஆங்கிலத்தில் கேப்பிட்டல் என்பதற்கு நம் பாடப்புத்தகம் தரும் சொல் மூலதனம். மூலம் என்றால் வேர், தனம் என்றால் செல்வம், இரண்டும் வடசொல். நன்றாக நிலைத்துவிட்ட சொல்தான். மார்க்ஸின் நூலே தமிழில் அந்தப் பெயரில்தான் வந்தது. வரவு செலவுத் திட்டத்தில் மூலதனச் செலவு என்கிறார்கள். அதை விரட்டியடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் யாரும் 'போட்ட மூலதனம்' என்று பேசிக் கேட்டதுண்டா? போட்ட முதல், கைமுதல், முதலும் வட்டியுமாக, முதலுக்கே மோசம், முதலாவது தேறுமா: வியாபாரம் பேசுகிற இடத்தில் எல்லாம் முதல்தான். முதலீடும் முதலாளியும் அதிலிருந்து கிளைத்தவை.

இது புதுப் பழக்கமும் இல்லை. "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்கிறது குறள் (449). நல்லவர் துணை இல்லாதவனுக்கு நிலைபேறு இல்லை என்று சொல்ல வந்த வள்ளுவர், கேட்கிறவருக்குச் சட்டென்று புரிய வேண்டுமே என்று சந்தையிலிருந்து ஓர் உவமையை எடுத்துப் போடுகிறார். முதல் இல்லாதவனுக்கு லாபம் இல்லை என்பது அப்போதே விளக்கம் தேவைப்படாத செய்தியாக இருந்திருக்கிறது. இன்னோரிடத்தில், வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலை இழக்கும் வேலையை அறிவுடையவர் செய்யமாட்டார் என்கிறார் (463). இன்றைக்கு ஆன்லைன் டிரேடிங்கில் இறங்கும் தம்பிகளுக்கு இதை ஒட்டிக் கொடுக்கலாம்.

கேப்பிட்டல் என்ற சொல்லின் பிறப்பும் சுவையானது. லத்தீனில் கபுட் என்றால் தலை. தலையாயது, தலைமையானது என்ற பொருளில் வந்த சொல், பிறகு கடனில் வட்டி நீங்கலாக நிற்கும் தலைப்பணத்தைக் குறிக்கத் தொடங்கியது. ஆடுமாட்டைக் குறிக்கும் கேட்டில் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். சொத்து என்றாலே கால்நடை என்று இருந்த காலத்தின் தடம். தமிழிலும் அதே தடம் உண்டு. கல்விதான் கேடில்லாத செல்வம், "மாடல்ல மற்றை யவை" என்று குறள் (400) சொல்லும் இடத்தில் மாடு என்றால் செல்வம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகளிலும் செல்வத்தின் பெயரும் தொழுவத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன.

முதல் என்றால் என்ன என்பதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை, சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை இடையர்கள் பொறுப்பேற்று, நாளும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். ஆனால் குட்டிகளால் அந்த இடம் நிரம்பி எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நெய்யை எடுக்கலாம், ஆட்டைக் கறிசமைக்கக் கூடாது. முதல் என்பது இதுதான்: பலனை உண்ணலாம், அதை உண்ணக்கூடாது. விவசாயி விதைநெல்லைப் பற்றிச் சொல்வதும் இதையேதான்.

அந்த ஆடு யாருடையது என்று கேட்டால் விவகாரம் சூடு பிடிக்கும்.

கேப்பிட்டலிசம் என்பதைத் தமிழில் முதலாளித்துவம் என்றோம். ஆங்கிலச் சொல் பணத்தின் பெயரால் ஆனது. நம் சொல் ஆளின் பெயரால் ஆனது. முதலை வைத்து ஆள்கிறவர் முதலாளி. பெட்டிக்கடைக்காரரும் முதலாளி, மில் அதிபரும் முதலாளி. சொல்லில் அளவு எதுவும் இல்லை. முதலாளி என்றால் ஊருக்கு நாலு பேர் என்ற எண்ணம் பழக்கத்தில் வந்தது. சொல் அப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் முதலாளி ஆனால் என்ன என்று ஒருவர் கேட்டால் தமிழ் இலக்கணம் அதைத் தடுக்காது.

அப்படிக் கேட்டவர் லூயிஸ் கெல்சோ. சான் பிரான்சிஸ்கோவில் வக்கீலாக இருந்தவர். அவருடைய வாதத்தை நம்மூர் வயலில் வைத்தே சொல்லலாம். முன்பு ஒரு ஏக்கர் நெல் அறுக்க ஆட்கள் கூட்டமாக இறங்குவார்கள். கூலிநெல் அத்தனை வீட்டுக்கும் போகும். இன்று அறுவடை இயந்திரம் இறங்குகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை, வண்டிக்காரருக்குப் போகிறது. நெல் குறையவில்லை, விளைச்சலில் பங்கு போய்ச் சேரும் வாசல் மாறிவிட்டது. வேலையை இயந்திரம் செய்யச் செய்ய, வருமானம் இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் சேரும். ஆகவே கூலியை உயர்த்து என்று கேட்டால் மட்டும் போதாது, இயந்திரத்தில் பங்கு கேள் என்றார் கெல்சோ. மார்டிமர் ஆட்லர் என்ற தத்துவ அறிஞரோடு சேர்ந்து 1958இல் பொருளியல் நீதிக்கு மூன்று அளவுகோல்களையும் சொன்னார்: பங்கேற்பு, பகிர்வு, வரம்பு. மூன்றாவது பலருக்கு ருசிக்காது. ஒருவர் குவிக்கும் முதல் அடுத்தவர் முதல் சேர்க்கும் வழியை அடைக்கக் கூடாது என்பது அது. நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவும், செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுமக்களுக்குக் கேடாகச் சிலரிடம் குவியாதபடி அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. எழுதி வைத்ததோடு சரி.

ஆனால் முதல் இல்லாதவர் முதலை எதைக் கொண்டு வாங்குவது? 1956இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு பத்திரிகை நிறுவனத்தை ஊழியர்கள் வாங்க விரும்பியபோது கெல்சோ ஒரு வழி செய்தார். ஊழியர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை; அது கடன் வாங்கிப் பங்குகளை வாங்கும்; கடனை நிறுவனத்தின் லாபமே அடைக்கும். ஊழியர் தன் சேமிப்பில் கைவைக்க வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால், பணக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதானே. வங்கிக் கடனில் ஆலையை வாங்கி, ஆலையின் லாபத்தில் கடனை அடைக்கிறார்கள். 1974இல் செனட்டர் ரஸ்ஸல் லாங் ஆதரவோடு அது அமெரிக்கச் சட்டத்தில் ஏறியது.

இதன் பெயரில் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் இசாப் (ESOP) என்றால் ஊழியர் பங்குடைமைத் திட்டம். இந்தியாவில் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவு: ஊழியர் பங்கு விருப்புரிமை. அதாவது, குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, நிறுவனம் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தரப்படுவது. சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இறங்கியபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்ததே, அது இந்த இரண்டாவது வகை. நல்ல விஷயம்தான். ஆனால் கணினித் துறைக்கு வெளியே எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்?

சரி, எல்லாரும் முதலுக்குச் சொந்தக்காரர் ஆக வேண்டும் என்ற இந்தக் கருத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? பங்குடைமை என்றால் ஷேர் மார்க்கெட் நினைவு வந்துவிடும். அதற்கும் மேலாக, பங்கு என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தஞ்சை, செங்கல்பட்டுப் பகுதிகளில் ஊர் நிலத்தைப் பங்கு பங்காகப் பிரித்துக் காணியாட்சி, அதாவது பரம்பரை நில உரிமை, நடந்தது. சில ஊர்களில் கரையீடு என்று சீட்டுப் போட்டு நிலத்தை முறைவைத்து மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கேட்க எவ்வளவு அழகு! ஆனால் அந்தப் பங்குகள் காணியாளர்களுக்குள்தான். சேற்றில் இறங்கி உழுத பண்ணையாளுக்கு அதில் ஒரு குழிகூடக் கிடையாது. இதைச் சொல்லாமல் பழம்பெருமை பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பங்காளி என்ற சொல்லும் அந்தச் சொத்துக் கணக்கில் பிறந்ததுதான்; அதனோடு பங்காளிச் சண்டையும் சேர்ந்தே வந்தது.

பொதுவுடைமை என்றும் சொல்ல முடியாது. பொதுவுடைமையில் சொத்து எல்லாருக்கும் பொது, தனித்தனியாக யார் கையிலும் சீட்டு இல்லை. கெல்சோ வகையறா கேட்பது ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சீட்டு. நிலவுடைமை, தனியுடைமை என்ற வரிசையில் முதலுடைமை என்றால் தமிழ்க்காது உடனே பிடித்துக்கொள்ளும். அதிகாரப் பரவல் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதன்படி இதை முதலுடைமைப் பரவல் என்பேன்.

அதற்கு ஓர் உயிருள்ள உதாரணம் அமெரிக்க மாநிலமான அலாஸ்கா. 1969இல் எண்ணெய் வயல்களைக் குத்தகைக்கு விட்டு வந்த சுமார் 90 கோடி டாலர் சில வருஷங்களில் செலவாகிக் கரைந்தது. மக்கள் முழித்துக்கொண்டார்கள். 1976இல் அரசியலமைப்பையே திருத்தி, எண்ணெய் உரிமத் தொகையில் குறைந்தது 25 சதவீதம் ஒரு நிரந்தர நிதிக்குப் போக வேண்டும், அதன் முதலைத் தொடக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். சாவா மூவாப் பேராடு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நிதி ஈட்டும் வருமானத்தில் ஒரு பகுதியை மக்களுக்கே பிரித்துக் கொடுப்பது என்று முடிவானது. எத்தனை வருஷம் அங்கே குடியிருந்தார் என்பதைப் பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைக்கலாம் என்று மாநில அரசு நினைத்தது. உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. 1982இல் ஆளுக்கு 1000 டாலர், கைக்குழந்தைக்கும் அதே தொகை. அன்றிலிருந்து வருஷாவருஷம் வருகிறது. 2022இல் 3,284 டாலர்.

அந்தக் காசோலையை அவர்கள் உதவித்தொகை என்று சொல்வதில்லை, டிவிடெண்ட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சொல் ஈவுத்தொகை. ஈ என்ற சொல்லைத் தாழ்ந்தவன் கேட்கும்போது சொல்வது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. சொந்தக்காரர் தன் பங்கை வாங்கும் இடத்தில் போய் இந்த ஈயை ஒட்டவைத்தோமே! இலங்கைத் தமிழர் பாடநூல்களில் பங்கிலாபம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். கணக்கியலில் ஈக்விட்டி என்பதற்கும் அவர்கள் உரிமையாண்மை என்கிறார்கள். உரிமையும் உண்டு, ஆளுதலும் உண்டு.

ஆளுதல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூணாறு வரை போனால் போதும். 2005இல் அங்கே டாடா டீ தோட்டங்களை விட்டு ஒதுங்கியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி பிறந்தது. 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்குகள் அவர்களுடையவை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், தலைமுறைகளாக லயத்து வீடுகளில் இருப்பவர்கள். தாளில் பார்த்தால் இந்தியாவிலேயே பெரிய முதலுடைமைப் பரவல்களில் ஒன்று.

2015இல் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பரில் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்கள் கம்பெனிக்கு எதிராகத் தாங்களே! முதல் அவர்கள் பெயரில் இருந்தது, ஆளி வேறு யாரோ. போனஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று முடிவாகும் மேஜையில் கொழுந்துக்கூடைக்கு இடம் இல்லை என்பதுதான் அவர்களுடைய கோபத்தின் சாரம்.

ஒன்பது நாளில் ஒப்பந்தம் ஆனது. கேட்ட 20 சதவீதமும் கிடைத்தது. அதை எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: போனஸ் 8.33 சதவீதம், மீதி 11.67 சதவீதம் கருணைத் தொகை.